அந்திமல்லில கலர் கணக்கு: ஒன்றரை வருஷ அப்டேட்

ஒருவழியா மூணாவது தலைமுறையும் பூத்துடுச்சு. ப்ளஸ் டூ புக்ல அந்திமந்தாரைன்னு (அந்திமல்லியேதான்) படிச்ச அதே படம்தான், சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தா ரோஸ், அது நிஜமாவே வருமான்னு மொட்டை மாடில பாத்துடலாம்னு இறங்குனேன்.

முதல் நாலு மாசம் எதையும் சேர்க்கவே இல்ல. சிவப்புச் செடி விதைய தனியா போட்டு எல்லாமே சிவப்பாதான் வருதா, வெள்ளைல வெள்ளைதானான்னு பாத்தேன். போர்தான், ஆனா இத விட்டா அப்புறம் எந்தக் கணக்கும் நிக்காது.

கஷ்டமே மகரந்தப்பை எடுக்குறதுலதான். பூ நாலு மணிக்கு மேல விரியும், நான் ரெண்டு மணி வெயில்ல போய் சிவப்புச் செடியோட மொட்ட மெதுவா பிரிச்சு, உள்ள நூல் மாதிரி இருக்க அஞ்சையும் ட்வீசர்ல கிள்ளிட்டு, சாயங்காலம் வெள்ளைப் பூவோட மகரந்தத்த சூல்முடில தடவி, மேல குட்டித் துணிப்பை கட்டணும். 20 பூ பண்ணேன். ஒரு பூவுக்கு ஒரே ஒரு விதைதான், மிளகு மாதிரி, அதுலயும் பாதிக்கு மேல உதிர்ந்து கடைசில கைல வந்தது 8.

8ல 7 ரோஸ், ஒண்ணு மட்டும் நல்ல சிவப்பு! ரெண்டு நாள் மண்டைய பிச்சுகிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, ஒரு நாள் லேட்டா போனேன், அதுக்குள்ள மகரந்தப்பை வெடிச்சு தாய்ச்செடி தன் மகரந்தத்தையே வாங்கிருக்கும். தாய் சிவப்புங்கறதால தப்பு கலர்லயே மாட்டிக்கிச்சு.

ரோஸ் செடிங்களுக்கு எதுவும் பண்ணல, பூவுக்குப் பைய மட்டும் கட்டி விட்டுட்டேன், காலைல வாடி சுருண்டுக்கும்போது அதுவே மகரந்தம் சேத்துக்கும். அந்த விதைல வந்த 31 செடில சிவப்பு 9, ரோஸ் 15, வெள்ளை 7. புக்ல இருக்க 1:2:1 விகிதத்துக்கு (ஒரு பங்கு சிவப்பு, ரெண்டு பங்கு ரோஸ், ஒரு பங்கு வெள்ளை) இவ்ளோ கிட்ட வரும்னு நான் எதிர்பாக்கல, 31 ரொம்பச் சின்ன நம்பர், 12:12:7 வந்திருந்தாலும் ஆச்சரியம் இல்ல.

எனக்குப் புடிச்சது அந்த 7 வெள்ளைதான். பெயின்ட் மாதிரி கலந்துருந்தா ரோஸ்லருந்து வெள்ளை எப்படி திரும்பி வரும்? ரோஸ்ல சிவப்பு ஜீன் ஒரு காப்பிதான், அதனால சாயம் கம்மி, அவ்ளோதான். வெள்ளை ஜீன் கரையாம உள்ள அப்படியே இருந்துருக்கு.

அடுத்து பக்கத்து வீட்டு அக்கா ஒரு அந்திமல்லி கிளை காட்டுனாங்க, இலைல வெள்ளைத் திட்டு. அந்த இலைக் கலர் விஷயத்துல மகரந்தம் எந்தச் செடிலருந்து வந்தாலும் ஒண்ணும் மாறாது, விதை எந்தக் கிளைல பிடிச்சுதோ அதுதான் முடிவு பண்ணும்னு ஜெர்மன் தாவரவியலாளர் காரென்ஸ் 1909லயே எழுதிட்டாரு. பை தைக்க துணி வாங்கியாச்சு.