இன்னைக்கு என்ன வெஞ்சனம்?

திருநெல்வேலி மாவட்டத்து மானூர் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புவது அப்போது என் வேலை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வகுத்த எட்டுக் கேள்விகள். கடந்த 12 மாதத்தில் காசில்லாமல் சாப்பாட்டுக்குக் கவலைப்பட்டீர்களா என்று தொடங்கி, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்று முடியும்.

முதல் மூன்று நாளும் எல்லாமே 'இல்லை'தான். ஒரு ஆச்சிக்குக் கோபமே வந்துவிட்டது. "பட்டினியா? எங்க வீட்டுலயா? ரேஷன்ல அரிசி போடுதான், பொங்கித் திங்கோம். நீ சாப்ட்டியா தாயி?" என்றவர், ஒரு கும்பாவில் பழையதும் முழு வெங்காயம் ஒன்றும் கொண்டுவந்து வைத்தார்.

அவர் சொன்னது பொய்யில்லை. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். பரம ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டுக்கு மாதம் 35 கிலோ. அடுப்பே மூட்டாத நாளைத்தான் அவர் வயதுக்காரர்கள் பட்டினி என்பார்கள். போதாக்குறைக்கு, கையில் பேனாவோடு வந்து நிற்கிறவளிடம் வீட்டு இல்லாமையை யார் சொல்வார்?

"சில வகை உணவுகளை மட்டுமே உண்ண நேர்ந்ததா?" என்பது மூன்றாவது கேள்வி. இந்தத் தமிழ் எனக்கே புரியவில்லை.

நாலாம் நாள், எட்டுக்கும் 'இல்லை' சொல்லி முடித்த ஒரு அக்காவிடம், கிளம்புகிற நேரத்தில் சும்மா கேட்டேன்: "இன்னைக்கு என்ன வெஞ்சனம்க்கா?" சோற்றோடு சேர்த்துச் சாப்பிடும் குழம்பு, தொடுகறி எல்லாம் இந்தப் பக்கம் வெஞ்சனம்தான்.

சொளவில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "என்னத்த வெஞ்சனம்! புளித்தண்ணியும் தொவையலும்தான். கூலி வாங்குன அன்னைக்கு மீன்." அப்புறம் பேச்சு நிற்கவில்லை. முட்டை வாங்கினால் யாருக்கு, பருப்பு மாதத்தில் எத்தனை நாளைக்கு, குழம்பு தீர்ந்தால் வெறுஞ்சோறு யாருக்கு. அது அவருக்குத்தான். எல்லாரும் தின்ற பிறகு குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்துகொள்வாராம். "அதுலதாம்ல ருசி" என்று சிரித்தார். விரல்கள் தூளை இலைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தன.

இத்தனைக்கும் மானாவாரியாக உளுந்து விளைகிற பக்கம் இது. பெண் பிள்ளை பெரியவளானால் உளுந்தங்களி கிண்டுகிற ஊர்கள். விளைந்த உளுந்தோ களத்திலிருந்து நேரே வியாபாரிக்குப் போகிறது. விதைக்கும்போது வாங்கிய கடன் இருக்கிறதே.

கேள்வியை மாற்றலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். கூடாது, எல்லா ஊரிலும் ஒரே கேள்விதான் என்றார். சரி, அதுவும் நியாயம்தான். வெஞ்சனத்தை முதலில் பேசிவிட்டு அப்புறம் தாளை எடுத்தேன். மூன்றாவது கேள்விக்கு 'ஆமாம்' விழத் தொடங்கியது.

முதல் மூன்று நாள் தாள்கள் அப்படியேதான் போயின, ஆச்சி வீட்டுத் தாளும் சேர்த்து. அவர் வைத்த வெங்காயத்தை நான் முழுசாகக் கடித்துத் தின்றேன். வீட்டில் இன்னொன்று இருந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை.