மூன்று ஆட்டங்களைக் கொண்டு ஒரு பையனை எடை போடலாமா?

கனடாவில் இருக்கும் என் பழைய அணித்தோழர் ஒருவர் சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் மூன்று வீடியோத் துண்டுகள் அனுப்பியிருந்தார். அவற்றில் ஆடுபவன் அவருடைய மருமகன், தங்கையின் மகன், இங்கே திருகோணமலையில் படிக்கும் 16 வயதுப் பையன். இந்த ஆண்டுதான் பாடசாலையின் முதல் கூடைப்பந்து அணியில் அவனுக்கு இடம் கிடைத்து, மூன்று ஆட்டங்கள் ஆடியிருக்கிறான். வீடியோக்களுக்குக் கீழே தோழர் எழுதியிருந்தது ஒரே வரிதான்: "மச்சான், இவன் புரொபஷனலா வருவானா? உண்மையச் சொல்லு."

அவர் பொழுதுபோக்குக்காகக் கேட்கவில்லை. பையனைக் கனடாவுக்கு அழைத்து, அங்கே கூடைப்பந்துக்குப் பெயர்பெற்ற ஒரு பாடசாலையில் சேர்த்து, செலவு முழுவதையும் தாமே ஏற்பதற்கு அவர் ஆயத்தமாக இருந்தார். அதற்காகச் சாதாரண தரப் பரீட்சையைக்கூட விட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்திருந்தது. ஆகவே நான் சொல்லப்போகும் ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் காசும் ஒரு பையனின் சில வருடங்களும் அடங்கியிருந்தன.

வீடியோக்களை நான்கைந்து தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்றிலும் பந்து வளையத்துக்குள் விழுந்தவுடன் காட்சி முடிந்து, அடுத்த புள்ளிக்குத் தாவிவிடுகிறது. பையன் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. ஒரு தடவைகூடப் பந்தை எதிரணியிடம் பறிகொடுக்கவில்லை. 40 நிமிட ஆட்டத்தில் பத்துப் பேருக்கு இருப்பது ஒரே பந்து. அதிகம் ஆடுகின்ற ஒருவரின் கையில்கூட அது மொத்தமாகச் சில நிமிடங்களே தங்கும். மிச்ச நேரம் முழுவதும் அவர் எங்கே நிற்கிறார், யாரைப் பார்க்கிறார், தன் ஆளை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறாரா என்பவைதான் பின்னாளில் ஒரு பயிற்றுநர் அவரைத் திடலில் இறக்குவதா, வாங்கில் உட்கார வைப்பதா என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்த நேரம் எதுவும் அந்தத் துண்டுகளில் இல்லை. அதனால் அடுத்த ஆட்டத்துக்கு நானே நேரில் போனேன்.

மாலை நான்கரை மணி இருக்கும். மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி வறண்டு வருகின்ற கச்சான் காற்று அன்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் பெரும்பாலும் கூரையில்லாத சீமெந்துத் திடலில்தான் ஆட்டம்; கச்சான் காலத்தில் தூரத்திலிருந்து எறியும் பந்து எங்கே போய் விழும் என்று எறிந்தவருக்கே தெரியாது. முதல் பாதியில் பையன் எடுத்தது 4 புள்ளிகள் மட்டுமே. பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர், "இண்டைக்குப் பெடியன் சரியில்ல" என்று சலித்துக்கொண்டார். என் கொப்பியிலோ அதற்குள் இரண்டு பக்கங்கள் நிறைந்திருந்தன.

நான் எழுதியவற்றில் முக்கியமானது அவனுடைய தலை. தன்னை நோக்கிப் பாஸ் வந்துகொண்டிருக்கும்போதே, பந்து கையில் படுவதற்கு முன், அவன் கழுத்தைத் திருப்பி எதிர் மூலையை ஒரு தடவை பார்த்துவிடுகிறான். ஆறு தடவை எண்ணினேன். அதில் இரண்டு தடவை அந்த மூலையில் ஆளில்லாமல் நின்ற தோழனுக்குப் பந்து உடனே போனது. அந்தத் தோழன் இரண்டையும் தவறவிட்டதால் ஸ்கோர் தாளில் எவர் பெயரிலும் எதுவும் ஏறவில்லை. பந்தைப் பிடித்த பிறகு சுற்றிப் பார்ப்பவர்கள் பலர். பிடிப்பதற்கு முன்பே பார்த்து முடிப்பது சொல்லிக்கொடுத்தாலும் எளிதில் வராத பழக்கம். காற்றோ எதிரணியோ அதை மாற்றிவிடாது என்பதால் ஒரே ஆட்டத்தில் கண்டாலும் நம்பலாம்.

அவனுடைய பாதங்கள் அவ்வளவு நம்பிக்கை தரவில்லை. டிஃபென்ஸ் செய்யும்போது குதிகால் ஊன்றி நிமிர்ந்து நிற்கிறான். வேகமான பையன் ஒருவன் அவனை மூன்று தடவை இடப்பக்கமாகக் கடந்து போனான். மூன்றாம் தடவைக்குப் பிறகு நடுவரைப் பார்த்துக் கையை விரிக்காமல், தலையையும் தொங்கப் போடாமல், அடுத்த தாக்குதலுக்கு முன்பே அரை அடி பின்வாங்கி நின்றான். அதற்குப் பிறகு கடந்தவன் ஒரு தடவைதான் கடந்தான். அந்த அரை அடிக்குக் கீழே நான் இரண்டு கோடுகள் போட்டேன்.

தோழர் பெருமையோடு சொல்லியிருந்த கணக்கு ஒன்று உண்டு: மூன்று ஆட்டங்களிலும் பையன் 20 ட்ரிபிள்கள், அதாவது தூரக் கோட்டுக்கு வெளியே நின்று எறியும் மூன்று புள்ளி எறிகள், எறிந்து 9 போட்டிருக்கிறான், 45 சதவீதம். இதை மட்டும் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. உண்மையில் 35 சதவீதம் போடக்கூடிய ஒருவர் 20 எறிந்தால் சராசரியாக 7 விழும். ஆனால் வெறும் தற்செயலாகவே இரண்டு கூடுவதும் இரண்டு குறைவதும் வழக்கம். அத்தகையவருக்கு 20 எறிகளில் 9 அல்லது அதற்கு மேல் விழுவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்றே குறைவு. அதே பையன், அதே கை, 5 மட்டும் போட்டு 25 சதவீதத்தோடு திரும்பியிருந்தாலும் நாம் ஆச்சரியப்படத் தேவையில்லை. நூறு எறிந்த பிறகும் ஏறக்குறைய ஐந்து சதவீதம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். மூன்று ஆட்டங்களின் ட்ரிபிள் கணக்கை வைத்து ஒருவரைத் தூக்கிவைப்பதும் ஒதுக்கித் தள்ளுவதும் ஒரே தவறுதான்.

அதைவிட, எதிரணி தவறிழைத்தால் தனியாக எறியக் கிடைக்கும் ப்ரீ த்ரோவை நான் கவனித்துப் பார்ப்பேன். மறிக்க ஆளில்லை, தூரம் எப்போதும் 4.6 மீற்றர், கையின் உண்மை அங்கே தெரியும். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏயில் பின்னாளில் நட்சத்திரமான கவாய் லெனார்ட் கல்லூரியில் ஆடிய இரண்டு ஆண்டுகளில் ட்ரிபிள்களில் நான்கில் ஒன்றைத்தான் போட்டார். ப்ரீ த்ரோவில் நான்கில் மூன்றைப் போட்டார். சான் அன்ரோனியோ அணியில் சேர்ந்து எறியும் முறையைத் திருத்திய பின், முதல் பருவத்திலேயே அவருடைய ட்ரிபிள் 37 சதவீதத்தைத் தாண்டியது. திருத்தினால் தேறக்கூடிய கை அது என்று சொல்ல அந்த ப்ரீ த்ரோக்களில் இடம் இருந்தது.

முதல் ஆட்டங்கள் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு என்பிஏ அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் தெரிவில், 2013ஆம் ஆண்டின் தெரிவைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு 11ஆவதாகத் தெரிவான மைக்கல் கார்ட்டர்-வில்லியம்ஸ், தமது முதல் ஆட்டத்திலேயே, அப்போதைய சம்பியன் மயாமிக்கு எதிராக 22 புள்ளிகள், 12 அசிஸ்ட்கள் (புள்ளியாக முடிந்த பாஸ்கள்), 7 ரீபவுண்ட்கள் (தவறிய எறிக்குப் பின் பிடித்த பந்துகள்) எடுத்ததோடு 9 தடவை பந்தைப் பறித்தார். அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. 15ஆவதாகத் தெரிவான யானிஸ் அன்டெடொகும்போ அதே பருவத்தில் எடுத்தது சராசரியாக 6.8 புள்ளிகள். கார்ட்டர்-வில்லியம்ஸை இரண்டாவது பருவம் முடிவதற்குள்ளேயே அவருடைய அணி வேறு அணிக்கு மாற்றிவிட்டது. அந்தத் தொடக்கத்துக்கு ஈடான பருவம் அவருக்குப் பிறகு வாய்க்கவில்லை. யானிஸோ 2019இலும் 2020இலும் மிகப் பெறுமதிவாய்ந்த வீரரானார். 2021 இறுதித் தொடரை முடித்துவைத்த ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்தார். அந்த 50இல் 17 ப்ரீ த்ரோக்கள், எறிந்தது 19.

இவற்றை வைத்து முதல் பார்வையே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. யானிஸைத் தெரிவுசெய்தவர்கள் கிரேக்க நாட்டின் இரண்டாம் பிரிவில், சிறிய அரங்கங்களில் அவர் ஆடியதைப் பார்த்தே தெரிவுசெய்தார்கள். அங்கேயும் அவர் புள்ளிகளைக் குவித்துக்கொண்டிருக்கவில்லை. அந்த உயரத்தில் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதையும், ஓடிக்கொண்டே தோழர்களைக் கண்டுபிடிப்பதையும், இன்னும் வளர இடமிருந்த உடலையும் அவர்கள் பார்த்தார்கள்.

உடலைப் பற்றி எழுதும்போது என் மனதில் ஒரு பாரம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன், 15 வயதில் மற்றவர்களைவிட ஒரு தலை உயர்ந்து நின்ற ஒரு பையனின் இரண்டு ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, "இவர் தேசிய அணிக்குப் போவார்" என்று அவனுடைய தகப்பனிடம் சொன்னேன். ஆண்பிள்ளைகள் மிக வேகமாக உயர்வது பொதுவாக 14 வயதையொட்டி; சிலருக்கு அது முன்னதாகவே வந்து முன்னதாகவே முடிந்துவிடும். அந்தப் பையன் அதற்கு மேல் வளரவில்லை. 18 வயதில் மற்றவர்கள் அவனை எட்டிப் பிடித்தபோது, உயரத்தால் மட்டும் புள்ளி எடுத்துப் பழகியிருந்த அவனிடம் வேறு வழி எதுவும் இருக்கவில்லை. உயர்தரப் படிப்பும் நடுவில் நின்றுபோனது. அவன் என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நான் சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் பையனைப் பார்த்தாலும், எதிரே தன்னைவிட உயர்ந்தவன் நின்றால் இவன் என்ன செய்வான் என்றுதான் முதலில் தேடுகிறேன். தகப்பன், தாய்மாமன் இருவரின் உயரத்தையும் கேட்டுவைக்கிறேன்.

இந்தச் சோதனைக்குத் திருகோணமலைக்குள் நடக்கும் ஆட்டங்கள் போதா. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்காவிலிருந்து வந்த யேசு சபைத் துறவிகள் ஊன்றிய ஆட்டம் இது; அவர்களுள் ஒருவரான, 1990 ஆகஸ்டில் காணாமற்போன அருட்தந்தை யூஜின் ஹெபெர்ட்டின் பெயரைக் கிழக்கின் பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். அந்தப் பாரம்பரியத்தில் வந்த மட்டக்களப்பு அணிகளுக்கு எதிராக ஆடாத ஒரு பையனைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தோழருக்கு நீண்ட பதில் எழுதினேன். இந்த ஆட்டத்தை மட்டும் நம்பிப் பிழைக்கக்கூடிய லீக் நமது நாட்டில் இல்லை என்பதும், என்பிஏயின் 30 அணிகளிலும் சேர்த்து வழமையான ஒப்பந்த இடங்கள் 450 மட்டுமே என்பதும் அவருக்குத் தெரிந்தவை, இருந்தாலும் எழுதினேன். பையனுக்குக் கண் இருக்கிறது, திருத்திக்கொள்ளும் குணம் இருக்கிறது, கால் இன்னும் வரவில்லை, கையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றேன். பரீட்சையை எழுதட்டும்; அதன் பிறகு மட்டக்களப்பு அணி ஒன்றுடன் ஆடும் ஆட்டத்தை வெட்டாமல் முழுதாக எடுத்து அனுப்புங்கள், இன்று எழுதிய இந்தப் பக்கங்களோடு ஒப்பிட்டு அப்போது பேசுவோம் என்றும் சொன்னேன்.

பையனிடம் ஒரு பாடசாலைக் கொப்பியைக் கொடுத்து, நாளுக்கு 100 ப்ரீ த்ரோ எறிந்து விழுந்ததை மட்டும் எழுதி வரும்படி சொல்லியிருந்தேன். பத்து நாள் கழித்து வாங்கிப் பார்த்தேன். முதல் நாள் 58, அடுத்த நாள் 61, பிறகு 49. நான் சொல்லாமலே அவன் இன்னொரு கோடு கிழித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொல் எழுதியிருந்தான்: "காற்றில்லை", "கொஞ்சம்", 49க்குப் பக்கத்தில் "கச்சான், வலப்பக்கம் இழுக்குது". அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அன்றிரவே கனடாவுக்கு அனுப்பினேன்.