ஒரு ஸ்பேட், சற்றே அழுத்தமாக

இருவர் இருவராக ஜோடி சேர்ந்து நால்வர் ஆடும் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தில் என்னுடன் ஜோடி சேர்பவர் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை ‘சார்’ என்பேன். அவர் என்னைத் ‘தம்பி’ என்று ஒருமையில் அழைப்பார். ஆட்டம் கெட்டுப்போனால் மட்டும் எனக்குத் திடீரென்று மரியாதை கூடி, ‘நீங்கள்’ ஆகிவிடுவேன். சென்ற வாரம் ஒரே மாலையில் எனக்குக் கிடைத்த மரியாதை, என் திருமணத்தன்றுகூடக் கிடைக்கவில்லை.

அவருக்கு வலப்புறம் இருந்தவர் ‘ஒரு ஹார்ட்’ என்று ஏலத்தைத் திறந்தார். அதாவது, ஹார்ட்டைத் துருப்பாக வைத்து, ஆறு பிடிக்கு மேல் ஒன்று எடுப்பேன் என்றார் (ஒரு சுற்றை வெல்வதுதான் பிடி). அப்போது சாரின் கையில் இருந்தவை: ஏஸ், கிங், ஜாக்குடன் ஆறு ஸ்பேட், ஹார்ட் ஏஸ், டைமண்ட் ஏஸ், போதாததற்குக் கிளப் கிங். ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணினால் கட்டு முழுவதிலும் 40 புள்ளிகள்தான். அவற்றில் 19 அவர் ஒருவரிடமே குவிந்திருந்தன. அவரோ, ஏலப் பெட்டியிலிருந்து ‘ஒரு ஸ்பேட்’ அட்டையை உருவி, மேசை ஓரத்தில் இருந்த டீக் கோப்பை தட்டில் ஒருமுறை குதித்து உட்காரும்படி ஓங்கி வைத்தார்.

எதிராளி திறந்த பிறகு நாம் குறுக்கே சொல்லும் இத்தகைய ஓவர்காலுக்கு, பெரும்பாலோர் வைத்திருக்கும் அளவு ஏறக்குறைய 8 முதல் 16 புள்ளி வரை. என் கையில் இரண்டு பொடி ஸ்பேட், டைமண்ட் கிங், கிளப் குயின், ஆக மொத்தம் 5 புள்ளி. அவரிடம் உச்ச அளவான 16 இருந்தாலும் கூட்டினால் 21. பத்துப் பிடி எடுத்தால் பெரிய போனஸ் தரும் நான்கு ஸ்பேடுக்குப் போக 25 அளவிலாவது வேண்டும். ஆகவே, சாருக்கு இடப்புறம் இருந்த அம்மாள் பாஸ் சொன்னதும் நானும் பச்சை நிறப் பாஸ் அட்டையை வைத்தேன். ஏலத்தைத் திறந்தவர் ஒரு கணம் கூரையைப் பார்த்துவிட்டு, அவரும் பாஸ் சொல்லிவிட்டார்.

ஏலம் எடுத்தவரின் ஜோடி என்பதால், டம்மியாக என் சீட்டுகளை விரித்துவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருக்க, சார் மிக அழகாக ஆடினார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஹார்ட் ஏஸில் முதல் பிடியை எடுத்து, டைமண்ட் கிங்குக்கு வந்து, அங்கிருந்து ஸ்பேடை இறக்கித் தம் ஜாக்கை வைத்து, வலப்புறம் பதுங்கியிருந்த குயினை அமுக்கிவிட்டார். பிடிகளை எடுக்க எடுக்க அவருடைய முகம் மலரவில்லை, இருண்டது. ஏழாவது பிடி எடுத்ததும் ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது, அதற்கு மேல் வந்த ஒவ்வொன்றும் வேண்டாத சொத்து. மொத்தம் பத்துப் பிடி. எதிரே இருந்த அம்மாள், “பிரமாதமாக ஆடினீர்கள் சார்” என்று மனமாரப் பாராட்டினார். அந்த அம்மாளால் மனமாரப் பாராட்ட முடிந்ததற்குக் காரணம், நாங்கள் வல்னரபிளாக, அதாவது போனஸும் அபராதமும் கூடுதலாகும் நிலையில், இருந்ததால் நான்கு ஸ்பேடுக்கு 620 கிடைத்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு ஸ்பேடுக்கு எங்களுக்கு 170 மட்டுமே கிடைத்தது என்பதுதான். அதே சீட்டுகளை முன்பே ஆடிய மேசைகளின் கணக்கில் 620, 620, 620 என்று வரிசையாக இருக்க, கடைசியில் எங்கள் 170 ஏறியது.

“ஏன் பாஸ் சொன்னீர்கள்?” என்று சார் கேட்டார். நான் ‘நீங்கள்’ ஆகிவிட்டேன்.

“ஐந்து புள்ளி சார்.”

“அட்டையை எவ்வளவு அழுத்தி வைத்தேன்? கோப்பையே குதித்ததே, அதைக்கூடவா கவனிக்கவில்லை?”

கவனித்தேன், ஆனால், பார்ட்னர் சொன்ன ஏலத்தை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும், சொன்ன விதத்தை அல்ல என்பது பிரிட்ஜின் விதி. குரலின் ஏற்ற இறக்கம் சேதி சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான், வாயால் சொல்வதை விட்டு இந்த ஏலப் பெட்டிக்கே வந்தோம். 1975-ல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில், இத்தாலிய ஜோடி ஒன்று காலால் தட்டிச் சேதி சொல்லிக்கொள்வதாகப் புகார் எழுந்து, ஆட்டக்காரர்களின் கால்களை மறைக்க மேசைக்கடியில் காபி மேசைகளைக் கொண்டுவந்து போட்டார்கள். அவர்களாவது மேசைக்குக் கீழே தட்டினார்கள்.

வலுவான கையைச் சொல்வதற்கு முறையான வழி ஒன்று இருக்கிறது. முதலில் சிவப்பு நிற டபுள் அட்டையை வைக்க வேண்டும். எதிராளி இப்போதுதான் திறந்திருக்கும் நிலையில் அதற்குத் ‘தோற்கப்போகிறாய், அபராதத்தைக் கூட்டித் தண்டிக்கிறேன்’ என்று பொருளில்லை, ஜோடியிடம் ‘உன்னிடம் நீளமாக இருக்கும் சூட்டைச் (சீட்டு வகையை) சொல்’ என்றே பொருள். வேறு வழியின்றி நான் இரண்டு டைமண்ட் சொல்லியிருப்பேன். அதை விட்டு அவர் இரண்டு ஸ்பேடுக்கு மாறியிருந்தால், பதினேழுக்குக் குறையாத கை என்று எனக்குப் புரிந்து, என் கிங்கையும் குயினையும் நம்பி மூன்று ஸ்பேட் சொல்லியிருப்பேன், அவர் நான்குக்கு ஏற்றியிருப்பார். இதை நான் விளக்கியபோது, “நான் டபுள் சொல்லி, அந்த அம்மாள் நான்கு ஹார்ட் என்று குதித்திருந்தால் என் ஸ்பேட் வெளியே வந்திருக்குமா?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். பதினாறு, பதினேழு புள்ளியும் நல்ல ஆறு சீட்டும் இருந்தால் நானும் முதலிலேயே சூட்டைச் சொல்லிவிடுவேன். பத்தொன்பது புள்ளி வேறு சங்கதி: அத்தகைய கை, எதிராளி குதித்த பிறகும் தனியாகவே நான்கு ஸ்பேட் சொல்லத் தாங்கும், ஒரு ஸ்பேடில் நான் பாஸ் சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்ற ஆளில்லை.

சார் அரை மனத்துடன் தலையாட்டினார். அடுத்த மேசைக்குப் போனோம். அங்கே வலப்புறத்தவர் ஒரு டைமண்ட் திறந்தார். சார் சிவப்பு அட்டையை எடுத்து, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போர்த்துவது போல மேசையில் வைத்தார். நான் ஒரு ஹார்ட் சொன்னேன். அவர் ஒரு ஸ்பேட் என்றார். சற்று முன் நானே நடத்திய பாடத்தின்படி அது குறைந்தது பதினேழு, என்னிடம் எட்டுப் புள்ளியும் மூன்று ஸ்பேடும், கூட்டினால் 25. நேராக நான்கு ஸ்பேடுக்குத் தாவினேன். இடப்புறத்தவர் டபுள் சொன்னபோது, அது நிஜமாகவே தண்டிக்கும் டபுளாக இருந்தது. வல்னரபிளில் மூன்று பிடி குறைந்து, 800 புள்ளியைத் தாரை வார்த்தோம். சாரின் கையில் இருந்தது மொத்தம் பன்னிரண்டு.

“பன்னிரண்டை வைத்துக்கொண்டு டபுளும் சொல்லி, சூட்டும் சொல்வார்களா சார்?” என்றேன்.

“முதலில் டபுள், பிறகு சூட் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்றார் சார். “அட்டையை எவ்வளவு மெதுவாக வைத்தேன், அதிலிருந்தே தெரிந்திருக்க வேண்டாமா?”