பிபி மருந்தைப் பம்பே கூட்டிக் குறைக்கட்டும், ஆனால்…

ஐசியுவில், ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓடும் நோயாளிக்கு நர்ஸ் செய்யும் வேலையைப் பாருங்கள். மானிட்டரில் சராசரி அழுத்தம் 65-க்குக் கீழே போனால் சிரிஞ்ச் பம்பில் மருந்தைக் கொஞ்சம் ஏற்றுகிறார், கூடிப்போனால் இறக்குகிறார், அதற்குள் பக்கத்துப் படுக்கையில் அலாரம் அடிக்க அங்கே ஓடுகிறார். இதைக் கணினியிடம் கொடுக்கலாம் என்பது பழைய யோசனைதான். 1970-களிலேயே அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஷெப்பர்ட் குழுவினர் இதய அறுவை முடிந்தவர்களுக்கு, அழுத்தத்தை இறக்கும் நைட்ரோபுருசைடு மருந்தைக் கணினி வழியாகவே ஏற்றினார்கள். ரத்தத்தில் சுமார் 2 நிமிடத்தில் பாதியாகிவிடும் மருந்து அது, நிறுத்தினால் அழுத்தம் சீக்கிரமே திரும்ப ஏறிவிடும். ஆனால் அளவு மீறினால் உடம்பில் சயனைடு சேரும், அதனால் எந்த நிலையிலும் தாண்டக் கூடாத ஒரு உச்ச வரம்பு வைத்தே ஆக வேண்டும்.

கணக்கு ஒன்றும் பெரிய புதிர் இல்லை. தாமதம்தான் படுத்தும். மருந்து குழாயைத் தாண்டி ரத்தத்தில் கலந்து வேலை செய்வதற்குள் பம்ப் அவசரப்பட்டு இன்னும் ஏற்றினால், அழுத்தம் இலக்கைத் தாண்டி எகிறும், அப்புறம் இறக்கும்போது அதிகமாக இறக்கும், இப்படியே ஊசலாடும். போதாததற்கு ஒருவருக்குச் சரியான அளவு இன்னொருவருக்குப் பல மடங்கு அதிகமாக இருக்கலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, பம்ப் நம்பும் அந்த எண். அழுத்தத்தை அளக்கத் தமனிக்குள் போட்டிருக்கும் குழாயில் (ஆர்ட்டீரியல் லைன்) ரத்தம் எடுக்கும்போது திரையில் தெரிவது அழுத்தமே அல்ல. படுக்கையை 10 செ.மீ. உயர்த்திவிட்டு அந்தக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசரைப் பழைய இடத்திலேயே விட்டால் 7 மி.மீ. பாதரசத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டும், பம்பும் அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடும். எண் சந்தேகமாக இருந்தால் கடைசி அளவிலேயே நின்று ஆளைக் கூப்பிடத் தெரியாத கருவியை நோயாளியிடம் இணைக்கவே கூடாது.

இன்னொன்று இதைவிட ஆபத்து. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று வையுங்கள். அழுத்தம் இறங்க இறங்கப் பம்ப் நார்அட்ரினலினை ஏற்றிக்கொண்டே போகும், திரையில் 65 அப்படியே நிற்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. கையால் ஏற்றும் நர்ஸுக்கு மூன்றாவது தடவையே உறுத்தியிருக்கும். அதனால் அழுத்தத்துக்கு மட்டும் அலாரம் வைத்தால் போதாது, மருந்தின் அளவு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்கும் வைக்க வேண்டும், அந்தக் கோடு பிபி கோட்டுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு பெரிதாகத் திரையில் ஓட வேண்டும்.