அம்பது ரூபாய் அபராதம்

நாயைக் கட்டிவெச்சு அடிச்சாலும், லாரியில மாடுகளை மூச்சுமுட்ட அடைச்சாலும், 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அறுபது வருஷம் தாண்டியும் தொகை மாறலை. டீயும் ரெண்டு வடையும் சாப்பிட்டா தீர்ந்துடுற காசு!

இந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர் நம்ம ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில தனிநபர் மசோதா (அமைச்சரா இல்லாத எம்.பி. கொண்டுவர்ற மசோதா) கொண்டுவந்தவர். (நடனத்துக்காக மட்டும்தான் அவரைப் பேசுறோம்.) 2022-ல மத்திய அரசு திருத்த வரைவு போட்டு மக்கள்கிட்ட கருத்து கேட்டுச்சு. அப்புறம் கிணத்துல போட்ட கல்.

அபராதத்தை உயர்த்தச் சொல்லி எங்க எம்.பி. ஆபீஸ்ல மனு கொடுத்தோம். உதவியாளர் நம்பவே இல்லை: "அம்பதா? ஐயாயிரமா சார்?" சட்டத்துல அபராதத்தைச் சொல்ற பிரிவு 11-ஐ பிரின்ட் எடுத்துட்டுப் போனது நல்லதாப் போச்சு.

உங்க தொகுதியிலயும் கொடுக்கணுமா? கமெண்ட்ல சொல்லுங்க, மாதிரி மனு அனுப்புறேன்.