பலூன் பெருத்தால் படத்தில் கோளாறு

காமிக்ஸ் எடிட்டிங் மேசையில் சில காலம் உட்கார்ந்தவருக்கு, ஓவியம் தேறியதா இல்லையா என்று அறியப் படத்தை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. கதாசிரியர் கொடுத்த ஸ்கிரிப்டையும் அச்சுக்குப் போகும் பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் போதும். வசனம் கூடியிருந்தால் எங்கோ படம் கைவிட்டிருக்கிறது.

ஒரு குடும்பக் கதை செய்தோம். தம்பி ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறான். அண்ணன் உள்ளே வருகிறார். தம்பி கடிதத்தை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறான். அண்ணன் கவனித்துவிடுகிறார், ஆனால் காட்டிக்கொள்ளாமல் "சாப்பிட்டியாடா?" என்கிறார். ஸ்கிரிப்டில் அந்தப் பக்கத்துக்கு வசனம் அவ்வளவுதான். மீதிக் கதை முழுக்க அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

வந்த பக்கத்தில் நான்கு கட்டங்களிலும் க்ளோசப் முகங்கள். மீசை முடியெல்லாம் ஒவ்வொன்றாக வரைந்திருந்தது. ஆனால் தம்பியின் கை ஒரு கட்டத்திலும் இல்லை, கடிதமும் இல்லை. அண்ணன் தம்பியைப் பார்க்காமல் வாசகரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தி வரைய அவகாசம் கிடையாது. ஆகவே தம்பி தலைக்கு மேல் ஒரு சிந்தனை பலூன், அதாவது மனசுக்குள் நினைப்பதை எழுதும் குமிழி, ஏறியது: "ஐயோ, அண்ணன்! கடிதத்தை மறைச்சிடணும்!" அண்ணனுக்கும் ஒன்று: "எதையோ மறைக்கிறான்... தெரியாத மாதிரி இருந்துக்குவோம்." வாசகருக்குப் புரிந்தது என்னவோ வாஸ்தவம். கதாசிரியர் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்ட பிறகு அங்கே படிக்க என்ன மிச்சம்? புத்தகம் கைக்கு வந்ததும் அவர் கேட்டார்: "இதுக்கு நான் சிறுகதையாவே எழுதியிருப்பேனே, தம்பி?"

அந்த ஓவியருக்கு வரையத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அட்டைப்படம் கொடுத்தால் அசத்துவார். வரைவதும் கதை சொல்வதும் வேறு வேறு வேலைகள், அவ்வளவுதான். மாடஸ்டி பிளைஸி என்ற சாகச நாயகியின் காமிக்ஸ் தொடர் இதற்கு நல்ல சாட்சி. தமிழில் 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியதே அவளை வைத்துத்தான். நம் ரசிகர்களுக்கு அவள் 'இளவரசி'. 1963 மே மாதம் லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்டில் தொடர் தொடங்குவதற்கு முன், வரைவதற்கு முதலில் அமர்த்தப்பட்டவர் ஃப்ராங்க் ஹாம்ப்சன். டான் டேர் என்ற விண்வெளி நாயகனை உருவாக்கியவர், சாதாரண ஆள் இல்லை. ஆனாலும் அவர் வரைந்த மாதிரிகள் கதாசிரியர் பீட்டர் ஓ'டானலுக்கு ஒத்துவரவில்லை. ஏற்கெனவே தன்னோடு 'ரோமியோ பிரவுன்' தொடரில் வேலை செய்த ஜிம் ஹோல்டவேயிடம் போனார். 1970இல், ஒரு கதை பாதியில் நிற்கும்போதே ஹோல்டவே இறந்துபோனார். அடுத்து ரொமேரோ, பிறகு இன்னும் சிலர். 2001இல் முடியும்வரை எழுதிய கை மட்டும் ஒன்றுதான். வரிசையாகப் படித்தால் ஓவியர் மாறும் இடம் சட்டென்று தெரியும். ஹோல்டவே வரையும்போது மாடஸ்டி பேசினால் அவள் கூட்டாளி வில்லி கார்வின் காது கொடுத்துக் கேட்பது போலிருக்கும். வேறு சிலரிடம் அவன் தன் முறைக்காகக் காத்து நிற்கிறான்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. இரும்புக்கை மாயாவியின் கதைகளைப் படம் இல்லாமல் சொல்லிப் பாருங்கள், பல கதைகள் சுமார்தான். நாயகன் மறைந்துவிட, அவனுடைய இரும்புக்கை மட்டும் தெரிகிறது. முகபாவம், உடல்மொழி எல்லாவற்றையும் ஒற்றைக் கையிடமே வாங்கியாக வேண்டும். அதை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ வாங்கினார். 1972இல் முத்து காமிக்ஸில் அந்தக் கையைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

பழி முழுவதையும் ஓவியர் தலையில் கட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 1960களில் அமெரிக்காவின் மார்வெல் வெளியிட்ட 'தோர்' காமிக்ஸ் பக்கங்களில் ஜாக் கிர்பி பென்சிலில் வரைந்த பின்னணி ஆட்களை, மை பூசிய வின்ஸ் கொலெட்டா சில இடங்களில் அழித்தே விட்டார் என்று ரசிகர்கள் இன்னும் திட்டுகிறார்கள். திட்டலாம். ஆனால் டெட்லைன் நெருங்கினால் வேகமாக முடித்துக் கொடுப்பார் என்று தேடிப்போகும் ஆளும் அவர்தான். நம் ஊரிலும் கூலி பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான். இரண்டு முகம் வரைந்த பக்கமும், தேர் இழுக்கும் கூட்டம் வரைந்த பக்கமும் ஒரே விலை. அப்புறம் தேர் எப்படி வரும்? சக்கரம் மட்டும் வரும், மூலையில். இன்னொன்று: பல ஸ்கிரிப்டுகளில் வசனம் மட்டுமே இருக்கும். யார் எங்கே நிற்கிறார், கையில் என்ன, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று ஒரு வரி கிடையாது. மறைக்க வேண்டிய கடிதம் முக்கியம் என்று ஓவியரிடம் யார் சொன்னது?

இப்போதெல்லாம் தம்ப்நெயில், அதாவது பக்கத்தின் சின்ன முன்வரைவு, பார்க்காமல் பென்சிலுக்கு விடுவதில்லை. தீப்பெட்டி அளவில் கோட்டு மனிதர்களாக இருந்தாலும் சரி, வசனத்தை மூடிவிட்டுப் பார்த்தால் யார் யாருக்குப் பயப்படுகிறார் என்று தெரிய வேண்டும். புது ஓவியர்கள் மாதிரிக்கு எப்போதும் சண்டைக் காட்சிதான் அனுப்புவார்கள். அது வேண்டாம் என்று சொல்லி வேறொன்று கேட்கிறேன்: டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் கடன் கேட்க வந்திருக்கிறார், இன்னும் கேட்கவில்லை. நான்கு கட்டம், வசனம் கிடையாது, பக்கத்துக்குக் கூலி உண்டு. பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. சமீபத்தில் ஒரு பெண் அனுப்பியதில், கடன் கேட்க வந்தவர் முதல் கட்டத்திலேயே இரண்டு டீக்கும் தானே காசு கொடுத்துக்கொண்டிருந்தார். கோடு இன்னும் தடுமாறுகிறது, விரல்களெல்லாம் பிசகு. அடுத்த கதை அவருக்குத்தான்.