ஒரு பலகைக்குக் கால் வைத்தவர்

யாழ்ப்பாணக் கல்லூரி விடுதியில் இருந்து படித்த எங்களுக்கு ‘போட்’ (board) என்ற ஆங்கிலச் சொல் பாடப்புத்தகம் திறக்கும் முன்பே பழக்கம். படுத்தெழும்பியது போடிங்கில். பின்னேரத்தில் விரல் நோகச் சுண்டியது கரம் போட்டில். சனிக்கிழமைகளில் வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் போக ஏறியது இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சி.ரி.பி. பஸ்ஸில், அதன் கடைசி எழுத்தும் போட்தான். வீட்டில் அம்மா பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்து வைத்தது கப்போட்டுக்கு. இத்தனை இடங்களில் ஒரே சொல் ஏன் வந்து நிற்கிறது என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை. எழுபதுகளில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த மாஸ்டர் யோசிக்க வைத்தார். பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொன்னதும் எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தப் பாடம்.

அந்தக் காலத்தில் ஆங்கில மரபுத்தொடர் என்றால் கொப்பியில் இரண்டு நிரல். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் கருத்து. பாடமாக்கிச் சோதனையில் எழுதினால் சரி. மாஸ்டர் நிரல் எதுவும் போடவில்லை. வெண்கட்டியைப் படுக்கையாகப் பிடித்துக் கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

“இது ஒரு பலகை எண்டு வையுங்கோ. தம்பி, நீர் சொல்லும் பாப்பம், இதுக்குக் கால் வைச்சால் என்ன?”

“மேசை, சேர்.”

கோட்டின் கீழே கவட்டுக்கால் இரண்டு வரைந்தார். பழைய இங்கிலாந்தில் பெரிய வீடுகளின் கூடங்களில் அப்படித்தான் சாப்பிட்டார்களாம். கவட்டுக்கால்களின் மேல் பலகையைக் கிடத்துவது, சாப்பாடு முடிந்ததும் கழற்றிச் சுவரோடு சாத்துவது. அதனால் மேசைக்கும் பலகை என்றே பெயர். கிண்ணங்களை அடுக்கி வைத்த பலகைதான் கப்போட். கதவும் பூட்டும் பிறகு வந்தவை. பலகையில் பரிமாறிய சாப்பாட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ‘பெட் அண்ட் போட்’ என்றால் படுக்கையும் சாப்பாடும். காசு கட்டி இரண்டையும் பெறுகிறவர் போடர்.

“அப்ப இந்த வகுப்பிலை போடர் ஆர் ஆர்?” என்று கேட்டார். விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் கை உயர்த்தினோம். போடிங் என்பது எங்களுக்கு அதுவரை ஒரு கட்டடம், கட்டில் வரிசை, மணிச்சத்தம். அந்தப் பெயருக்குள் இருந்தது காலைப் புட்டும் சம்பலும், இரவு இடியப்பமும் சொதியும் என்பது அன்று விளங்கியது.

பிறகு மேசையைச் சுற்றித் தலைகள் வரைந்தார். சாப்பிட்ட மேசையில் கணக்கும் வழக்கும் பேச இருந்தவர்களுக்கும் பலகையின் பெயரே வந்தது. கம்பனியின் பணிப்பாளர் சபை, மின்சார சபை, போக்குவரத்துச் சபை எல்லாம் போட் ஆனது அப்படித்தான்.

அங்கேதான் பாடம் நம் வளவுக்குள் வந்தது. நம் கல்லூரியின் வேரான பற்றிக்கோட்டா செமினரியை 1823இல் தொடங்கிய மிஷனரிமாரை அனுப்பிய அமைப்புக்கு ‘அமெரிக்கன் போட்’ என்றுதான் சுருக்கப் பெயர். 1810இல் மாசச்சூசெற்ஸில் உருவான சபை அது. அதன் ஆட்கள் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பிக்கத் தொடங்கினார்கள். சைவ வீட்டுப் பிள்ளைகள் படிக்க வந்தார்கள். ஆனால் மிஷன் வளவில் சமைத்ததைச் சாப்பிட முதலில் மறுத்தார்கள். பெட் சரி, போட்தான் சிக்கல். ஒரு பிள்ளையின் செலவைக் கடல் கடந்த ஒரு கொடையாளர் ஏற்றால் அவருடைய பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. பழைய மாணவர் பட்டியல்களில் தமிழ்த் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பெயர்கள் நிற்பது அதனால். சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தவரின் பெயர் ஒரு மனிதரோடு ஆயுள் முழுக்கப் போயிருக்கிறது என்று மாஸ்டர் சொல்லி நிறுத்தியபோது வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. வரலாற்றுப் பாடத்தில் எங்களுக்கு இது இப்படிச் சொல்லப்படவில்லை.

‘அபவ் போட்’ என்ற தொடரை அவர் முந்நூற்று நாலு என்ற சீட்டு விளையாட்டால் விளக்கினார். கடதாசி விளையாடுகிறவரின் இரண்டு கையும் மேசைக்கு மேலே எல்லோருக்கும் தெரிய இருந்தால் களவு இல்லை. கை பலகைக்குக் கீழே போனால் கூட்டாளிக்குச் சைகை போகிறது. நேர்மையான நடத்தைக்கு ஆங்கிலம் வைத்த பெயர் அந்த இரண்டு கைகளிலிருந்து வந்தது. விடுதியில் கடதாசிக்குத் தடை. ஆனாலும் அந்த விளக்கம் வகுப்பில் எல்லோருக்கும் உடனே விளங்கியது.

கப்பல் கடைசியில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் போட் என்பது கப்பலின் பக்கத்தையும் குறிக்கும். வலப்பக்கத்தில் பெரிய துடுப்பொன்றைக் கட்டித் திசை திருப்பிய காலத்தில் அந்தப் பக்கம் ஸ்ராபோட், மறுபக்கம் லாபோட். காற்றுக்குள் கத்தும்போது இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் 1844இல் பிரித்தானியக் கடற்படை லாபோட்டை நிறுத்தி, துறைமுகத்தைக் குறிக்கும் சொல்லை அந்தப் பக்கத்துக்கு வைத்தது. வகுப்பில் வல்வெட்டித்துறைப் பெடியன் ஒருவன் இருந்தான். அவனை எழுப்பி, அவனுடைய ஊரில் கட்டி 1938இல் மாசச்சூசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போன அன்னபூரணியைப் பற்றிச் சொல்லச் சொன்னார். மிஷனரிமார் புறப்பட்டு வந்த அதே மாநிலத்துக்கு எங்கள் கரையிலிருந்து ஒரு கப்பல்! அவன் பாய்மரங்களைப் பற்றிச் சொல்லி முடித்ததும் மாஸ்டர் கேட்டார்: “அந்த மரம் முறிஞ்சு கப்பல் பக்கத்தாலை சரிஞ்சு கடலுக்குள்ளை போனால்?” அதுதான் ‘கோ பை த போட்’. போட்ட திட்டம் முழுக்கக் கைவிட்டுப் போவதற்கு ஆங்கிலேயர் இன்றும் சொல்வது. கரும்பலகையில் மேசையாக நின்ற கோட்டின் மேல் ஒரு பாய்மரத்தைக் கீறி, டஸ்டரால் அதைச் சரித்தும் காட்டினார்.

அடுத்த நாள் தமிழ்ப் பாடத்தில் பண்டிதரிடம் இதைச் சொன்னோம். ஆங்கிலேயருக்கு மட்டும்தான் பலகையோ என்று கேட்டார். மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடம் கொடுத்த சங்கப்பலகையின் கதையை முதலில் சொன்னார். ஊர்ச் சபைகளின் குழுக்களுக்கு ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கும் சொல்தான் இன்று தமிழ்நாட்டில் மின்வாரியம் என்று நடமாடுகிறது என்றார். பிறகு ஒரு குறள்: “அரங்கின்றி வட்டாடியற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்.” கட்டம் கீறாமல் காய் உருட்டுவதும், படிக்காமல் அவையில் பேசுவதும் ஒன்று. விளையாடும் கட்டத்துக்கும் கூத்தாடும் மேடைக்கும் தமிழில் அரங்கு ஒரே சொல். ஆங்கிலத்திலும் நடிகர் மேடையேறுவதைப் பலகை மிதிப்பது என்பார்கள். இரண்டு ஆசிரியர்களும் அறையில் இருந்து பேசி வைத்துப் படிப்பித்தார்களோ தெரியாது. எங்களுக்கு அது ஒரே பாடமாகவே மனதில் நிற்கிறது.

லண்டனுக்கு வந்து ஒரு உள்ளூராட்சி அலுவலகத்தில் வாடகை உதவிப் பிரிவில் வேலை செய்தேன். வாடகையில் சாப்பாடும் அடங்குமா என்பது விண்ணப்பத்தில் கட்டாயக் கேள்வி. அடங்கினால் உதவித்தொகை குறையும். கூட வேலை செய்தவர்களுக்கு அது ஒரு விதி. எனக்கு அது கவட்டுக்கால் மேல் கிடந்த பலகை. தெரியாத தொடர் காதில் விழுந்தால் அதன் அடியில் என்ன பொருள் கிடக்கிறது என்று தேடும் பழக்கம் அந்த வகுப்பில் வந்தது. எல்லோருக்கும் ஒரேயடியாகச் சம்பள உயர்வு என்பதை ‘அக்ரொஸ் த போட்’ என்றார்கள்; தேடிப் போனால் அது அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் ஒரே குதிரைக்கு முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் மூன்றுக்கும் சேர்த்துக் கட்டும் பந்தயம். மறுபடி முதலிலிருந்து தொடங்குவதை ‘பாக் ரு த டிறோயிங் போட்’ என்பது, 1941இல் ஒரு நியூயோர்க் சஞ்சிகையில் வந்த கேலிச்சித்திரத்தால் பரவியது. விழுந்து நொறுங்கிய விமானத்தைப் பார்த்துவிட்டு வரைபடத்தைக் கமக்கட்டில் இடுக்கியபடி நடக்கும் ஒரு பொறியியலாளரின் பேச்சு அது. இவற்றை மாஸ்டரிடம் சொல்ல எவ்வளவோ ஆசைப்பட்டேன். அவர் இப்போது இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைகளில் படிப்பிக்கிறேன். மரபுத்தொடர் பாடத்துக்கு இரண்டு நிரல் கொடுக்கும் பயிற்சிப் புத்தகம்தான் இங்கும். நான் கரும்பலகையில் ஒரு பானை கீறுகிறேன். இங்கே பிறந்த பிள்ளைகளின் வீட்டில் சோறு மின்சாரக் குக்கரில் அவிகிறது. உலை என்ற சொல்லே அவர்களுக்குப் புதிது. பானையில் கொதிக்கும் தண்ணீரில் தொடங்கினால் உலைக்கு அரிசி இல்லாத வீடு விளங்குகிறது, ‘ஊர்வாயை மூட உலைமூடி இல்லை’ விளங்குகிறது, கொல்லன் உலைக்கும் போகலாம். அணு உலை வரை வந்ததும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் தாங்களே பேசத் தொடங்குகிறார்கள்.

வரும் தவணைக்கு வாசல், திண்ணை, அம்மி மூன்றையும் எடுத்திருக்கிறேன். மாஸ்டரின் வகுப்புக் கொப்பியை இன்னும் வைத்திருப்பவர்கள் நம் மாணவர் மத்தியில் இருந்தால், பக்கங்களைப் படம் எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். ‘போட்’டுக்கு அடுத்த கிழமை அவர் ‘பொட்’ என்ற பானைச் சொல்லை எடுத்தார். அன்று நான் காய்ச்சலில் விடுதியில் படுத்திருந்தேன்.